ரத்தக் கட்டியைக் கரைக்கும் நொதி செல்லில் ஒட்டுவதை எந்த முறையில் அளக்கலாம்?

ரத்தக்குழாய்களின் உட்சுவரில் ஒற்றை அடுக்காகப் பரவியிருக்கும் எண்டோதீலியல் செல்கள், கட்டியைக் கரைக்கும் நொதிகளைத் தம்மேல் ஒட்டவைத்துக்கொள்கின்றன. 1980களின் நடுவிலேயே இது தெரிந்துவிட்டது. எந்த இடத்தில் ஒட்டுகிறது, எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறது, ஒட்டியபின் நொதி என்ன செய்கிறது என்று அடுத்தடுத்துக் கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அளக்கும் முறையை மாற்றினால் பதிலும் மாறிவிடுகிறது. அதனால் இந்தத் துறையில் சோதனை தொடங்குகிறவர் எடுக்க வேண்டிய முதல் முடிவே, எந்த முறையில் அளப்பது என்பதுதான்.

நடைமுறையில் நான்கு வழிகள் இருக்கின்றன. கதிரியக்க அயோடின் ஏற்றிய புரதத்தை, தட்டில் படர்ந்திருக்கும் செல்கள்மேல் விட்டு, கழுவி, மிஞ்சியதை எண்ணுவது ஒன்று. ஒளிரும் சாயம் ஏற்றி, செல்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு ஒளியை அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரிலோ நுண்ணோக்கியிலோ பார்ப்பது இரண்டாவது. ஏற்பிப் புரதத்தைத் தனியே பிரித்து, சில்லில் பதித்து, அதன்மேல் புரதம் ஒட்டுவதை ஒளி மாற்றத்தால் உணரும் எஸ்பிஆர் கருவியில் ஒட்டும் வேகத்தையும் கழலும் வேகத்தையும் பார்ப்பது மூன்றாவது. நான்காவது வழியில் ஒட்டுதலை நேரடியாக அளப்பதே இல்லை. கட்டியைக் கரைக்கும் நொதியான பிளாஸ்மின் செல்மேல் எவ்வளவு உருவாகிறது என்பதை நிறமாற்றத்தால் அளக்கிறோம்.

என் தேர்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிளாஸ்மினின் செயலற்ற முன்வடிவமான பிளாஸ்மினோஜென் அல்லது அதைப் பிளாஸ்மினாக மாற்றும் டிபிஏ பற்றிய ஆய்வு என்றால், செல்லைத் தட்டிலிருந்து பெயர்க்காமல் அளக்கும் முறை ஒன்றும் பிளாஸ்மின் உற்பத்தியை அளக்கும் முறை ஒன்றும் ஜோடியாக வேண்டும். மற்ற இரண்டும் அப்புறம். அதே வேலையைச் செய்யும் இன்னொரு நொதியான யூரோகைனேஸ் பற்றிய ஆய்வு என்றால் கணக்கு வேறு. காரணம் எல்லாம் லைசின் என்ற ஒரே அமினோ அமிலத்தைச் சுற்றித்தான் இருக்கிறது.

யார் எதைப் பிடிக்கிறார்கள்

பிளாஸ்மினோஜென் கல்லீரலில் உருவாகி ரத்தத்தில் செயலற்ற நிலையில் சுற்றும் புரதம். 791 அமினோ அமிலங்கள், கிரிங்கிள் எனப்படும் வளைய வடிவ மடிப்புகள் ஐந்து. கிரிங்கிளில் இருக்கும் சிறு குழி, லைசினைக் கவ்விப் பிடிக்கக்கூடியது. புரதச் சங்கிலியின் வால் முனையில், அதாவது கார்பாக்சில் முனையில், லைசின் இருந்தால் பிடி இன்னும் நன்றாக விழும். ரத்தக் கட்டியின் இழையான ஃபைப்ரினில் ஒட்டுவதும் செல்லில் ஒட்டுவதும் பெரும்பாலும் இந்தக் குழிகளால்தான்.

டிபிஏ, பிளாஸ்மினோஜெனை வெட்டிப் பிளாஸ்மினாக மாற்றும் நொதி. இதை எண்டோதீலியல் செல்களே சுரக்கின்றன. இதற்கு விரல் மடிப்பு, வளர்ச்சிக் காரணி மடிப்பு, இரண்டு கிரிங்கிள்கள், அப்புறம் வெட்டும் பகுதி. யூரோகைனேஸும் அதே வேலையைச் செய்வதுதான், ஆனால் செல்லைப் பிடிக்கும் விதம் முற்றிலும் வேறு. அது தன் வளர்ச்சிக் காரணி மடிப்பால் யூபிஏஆர் என்ற ஏற்பியில் நானோமோலார் அளவிலோ அதைவிட இறுக்கமாகவோ பொருந்துகிறது. லைசினுக்கு அங்கே வேலையில்லை.

பிளாஸ்மினோஜெனின் பிடி இதோடு ஒப்பிட்டால் மிகத் தளர்வானது. ஒட்டிடங்களில் பாதி நிரம்பத் தேவையான செறிவு, அதாவது பிரிகை மாறிலி, ஒரு மைக்ரோமோலாரை ஒட்டி இருக்கும். ஆனால் ஒட்டிடங்கள் ஒரு செல்லுக்கு லட்சத்திலிருந்து கோடி வரை போகும். தளர்வாக இருப்பது குறை இல்லை. ரத்தத்தில் பிளாஸ்மினோஜென் சுமார் 2 மைக்ரோமோலார் இருக்கிறது. பிரிகை மாறிலி 1 என்று வைத்தால் மூன்றில் இரண்டு பங்கு இடங்கள் எப்போதும் நிரம்பியே இருக்கும்.

டிபிஏக்கு இதே கணக்கைப் போட்டால் விடை தலைகீழ். ரத்தத்தில் அது மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 5 நானோகிராம். மூலக்கூறு எடை 70,000 என்றால் இது சுமார் 70 பிகோமோலார். பத்து நானோமோலார் இறுக்கம் உள்ள ஓர் ஒட்டிடத்தில் நூற்றில் ஒன்றுகூட நிரம்பாது. போதாததற்கு அந்த டிபிஏயில் பெரும்பகுதி பிஏஐ-1 என்ற தடுப்பானோடு ஏற்கெனவே கட்டுண்டது. அப்படியானால் செல்மேல் இருக்கும் டிபிஏ எங்கிருந்து வந்தது? செல் தானே சுரந்து, சுரந்த இடத்திலேயே பிடித்துவைத்துக்கொள்வதுதான் பொருந்தும் விளக்கம். வெளியிலிருந்து புரதத்தை ஊற்றி அளக்கும் எந்த முறையும் இந்தப் பாதியைப் பார்ப்பதில்லை.

தட்டிலேயே வைத்து எண்ணும் முறை

1986, 1987 ஆண்டுகளில் கேத்தரின் ஹஜ்ஜாரும் சகாக்களும் தொப்புள்கொடிச் சிரைச் செல்களில் பிளாஸ்மினோஜெனும் டிபிஏயும் ஒட்டுவதைக் காட்டியது கதிரியக்க அயோடினால்தான். இன்றும் ஒட்டிடங்களின் எண்ணிக்கையை இவ்வளவு நேரடியாகத் தரும் முறை வேறில்லை. செல்களை 4 டிகிரியில் வைத்தால் ஒட்டிய புரதம் உள்ளே இழுக்கப்படாது. குறியிடாத புரதத்தை ஏராளமாகச் சேர்த்த கிணறுகளை (தட்டில் உள்ள சிறு குழிகளை) ஒப்பிட்டு, கண்டபடி ஒட்டியதைக் கழித்துவிடலாம்.

கழுவுவதுதான் இதில் நோகும் இடம். ஒட்டும் வேகம் மோலாருக்கு நொடிக்கு பத்து லட்சம் என்று வைத்தால், ஒரு மைக்ரோமோலார் பிடி உள்ள மூலக்கூறுகளில் பாதி ஒரு நொடிக்குள்ளேயே கழன்றுவிட வேண்டும். குளிரில் இது மெதுவாகும். ஒன்றுக்கு மேற்பட்ட கிரிங்கிள்கள் சேர்ந்து பிடித்தால் இன்னும் மெதுவாகும். இருந்தாலும் கழுவும் நேரத்தை ஒவ்வொரு கிணற்றிலும் ஒரே மாதிரி வைக்காவிட்டால், அளந்தது ஒட்டுதலையா கைவேகத்தையா என்று தெரியாது. கழுவும் கரைசலில் கால்சியம் இருக்கவேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். முக்கிய ஏற்பிகளில் ஒன்றான அனெக்சின் ஏ2, செல் சவ்வின் கொழுப்பில் கால்சியத்தின் துணையோடுதான் உட்கார்ந்திருக்கிறது. கால்சியம் இல்லாத கரைசலில் கழுவினால் ஏற்பியும் சேர்ந்து வடிகாலுக்குப் போய்விடும்.

அயோடின் ஏறுவது டைரோசினில். கிரிங்கிள் குழியின் சுவரிலும் டைரோசின் உண்டு. ஆகவே குறியிட்ட புரதம் இன்னும் லைசினைப் பிடிக்கிறதா என்று பார்க்காமல் செல்மேல் விடக்கூடாது. லைசின் ஒட்டிய செஃபரோஸ் மணிகள் நிரப்பிய குழாயில் ஓட்டி, லைசினைப் போன்ற அமினோகாப்ராயிக் அமிலத்தால் இறக்கிப் பார்த்தால் போதும். பிளாஸ்மினோஜெனைத் தூய்மைப்படுத்த 1970 முதல் இருந்துவரும் அதே வழி. குழாயில் நிற்காமல் ஓடிவிடும் பங்கு எவ்வளவோ அவ்வளவு புரதம் கெட்டுப்போயிற்று என்று அர்த்தம்.

டிபிஏ என்றால் இன்னொரு தொல்லை. எண்டோதீலியல் செல்கள் பிஏஐ-1ஐயும் சுரந்து, அது செல்லுக்கு அடியில் இருக்கும் தளத்தில் விட்ரோநெக்டின் என்ற புரதத்தோடு சேர்ந்து காத்திருக்கும். ஊற்றிய டிபிஏ அதில் போய் மாட்டிக்கொண்டால் எண்ணும் கருவிக்கு எல்லாம் ஒன்றுதான். புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் எஸ்டிஎஸ் ஜெல்லில் ஓட்டிப் பாருங்கள்: 70,000 எடையில் வரவேண்டிய பட்டை 1,10,000 பக்கம் வந்தால் அது ஏற்பி இல்லை, தடுப்பான். 478ஆம் செரினை அலனினாக மாற்றிய செயலற்ற டிபிஏயைப் பயன்படுத்தினால் இந்தப் பொறியில் சிக்காது. மாற்றியமைத்த டிபிஏயான டெனெக்டிபிளேஸ் என்ற மருந்தும் ஓரளவு உதவும். 296 முதல் 299 வரை உள்ள நான்கு அமினோ அமிலங்களை அலனினாக மாற்றியதால் பிஏஐ-1க்கு அது எளிதில் அகப்படாது. செல்களை நீர்த்த அம்மோனியாவால் நீக்கிவிட்டு, அடித்தளம் மட்டும் மிஞ்சிய கிணறுகளையும் கூடவே அளக்கவேண்டும்.

அயோடின்-125க்கு அரை ஆயுள் சுமார் 60 நாள். உரிமம், தனி அறை, கழிவு எல்லாம் சேர்ந்த தலைவலி. அதற்கு வசதி இல்லாத ஆய்வகம், ஒட்டிய புரதத்தை எதிர்ப்பொருளால் கண்டுபிடிக்கும் எலைசாவைத் தட்டிலேயே செய்யலாம். ஒரே நிபந்தனை: ஃபார்மால்டிஹைடால் செல்லை நிலைப்படுத்துவது, புரதம் ஒட்டி முடிந்த பிறகுதான். முன்பே செய்தால் ஃபார்மால்டிஹைடு லைசின்களோடு வினைபுரிந்து ஒட்டிடங்களைத் தின்றுவிடும்.

ஒளியால் பார்க்கும் முறை

ஃப்ளோ சைட்டோமீட்டர் பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும். வேகம், ஆயிரக்கணக்கான செல்கள், ஒவ்வொன்றுக்கும் தனி அளவு. ஆனால் எண்டோதீலியல் செல் தரையில் ஒட்டி வாழ்வது; கருவிக்குள் அனுப்ப அதைப் பெயர்க்க வேண்டும். டிரிப்சின் போட்டால், அது புரதங்களை லைசினுக்கும் ஆர்ஜினினுக்கும் அடுத்தாற்போல வெட்டும் நொதி. வெட்டிய ஒவ்வொரு இடத்திலும் வால் முனையில் புது லைசின் முளைக்கலாம். பிளாஸ்மினோஜெனுக்கு நாமே ஒட்டிடம் தயாரித்துக் கொடுத்துவிட்டு, எத்தனை ஒட்டிடம் இருக்கிறது என்று எண்ணுகிறோம். வேலிக்கு ஓணான் சாட்சி.

சரி, டிரிப்சின் வேண்டாம், ஈடிடிஏ போடலாம் என்றால் அது கால்சியத்தை உறிஞ்சிக்கொள்ளும். அனெக்சின் ஏ2 கழன்றுவிடும். முதல் வழியில் எண்ணிக்கை கூடுகிறது, இரண்டாவதில் குறைகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே மென்மையான நொதிக் கலவைகள் விற்கிறார்கள். அவையும் புரதத்தை வெட்டுபவைதான். என்னைக் கேட்டால், தட்டில் வளரும் எண்டோதீலியல் செல்லின் பிளாஸ்மினோஜென் ஒட்டிடங்களை எண்ண ஃப்ளோ சைட்டோமீட்டர் சரியான கருவி இல்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் அதை மிஞ்ச ஆள் இல்லை. செத்த செல்களும் சாகும் செல்களும் பிளாஸ்மினோஜெனை உயிருள்ளவற்றைவிட மிக அதிகமாகப் பிடிக்கும். தட்டில் மொத்தமாக எண்ணும்போது செத்த செல் கொஞ்சமே இருந்தாலும் கணக்கைக் கெடுத்துவிடும். செத்த செல்லுக்குள் மட்டும் நுழையும் சாயமான புரோபிடியம் அயோடைடு சேர்த்து ஃப்ளோ சைட்டோமீட்டரில் விட்டால் அவற்றை ஒதுக்கிவிடலாம். இயல்பிலேயே மிதக்கும் ரத்தச் செல்கள் என்றால் பெயர்க்கும் பிரச்சினையே இல்லை. கடுமையான புரோமைலோசைட்டிக் ரத்தப் புற்றில் செல்மேல் அனெக்சின் ஏ2 அளவுக்கு மீறி இருப்பதும், அதனால் பிளாஸ்மின் பெருகி ரத்தக்கசிவு ஏற்படுவதும் 1999இல் வெளியானது. அப்படிப்பட்ட கேள்விகளுக்கு நான் முதலில் எடுப்பது ஃப்ளோ சைட்டோமீட்டரைத்தான்.

நுண்ணோக்கி வேறு ரகம். ஜப்பானில் ஹமமட்சு மருத்துவப் பல்கலைக்கழகக் குழு, டிபிஏயோடு பச்சை ஒளிர்புரதத்தை இணைத்து எண்டோதீலியல் செல்களில் உருவாக்கவைத்து, செல்லின் அடிப்பரப்பில் 100 நானோமீட்டர் அளவுக்கு மட்டும் ஒளியூட்டும் டிஐஆர்எஃப் நுண்ணோக்கியில் பார்த்தது. 2009இல் வந்த அந்த வேலையில், சுரப்புப் பை திறந்த பிறகும் டிபிஏ உடனே ஓடிவிடாமல் அதே இடத்தில் தங்குவது தெரிந்தது. தங்கவைப்பது கிரிங்கிள்களும் விரலும் உள்ள பாதி. கழன்றுபோகத் தூண்டுவது பிஏஐ-1. மேலே போட்ட கணக்கில் விடுபட்ட பாதிக்கு விடை தந்தது இந்த முறைதான். பிரிகை மாறிலி இதில் கிடைக்காது. ஆனால் செல் தன் டிபிஏயைத் தானே எப்படி வைத்துக்கொள்கிறது என்று பார்க்க வேறு வழி எதுவும் இதற்குப் பக்கத்தில் வராது.

சில்லில் பதிக்கும் முறை

எஸ்பிஆர் தரும் வளைகோடுகள் அழகானவை. குறியிட வேண்டாம், கழுவி இழக்க வேண்டாம், ஒட்டுவதும் கழல்வதும் நொடிக்கு நொடி தெரியும். தளர்வான பிடிக்கு இதுதான் பொருத்தம் என்று முதலில் தோன்றும்.

சில்லில் புரதத்தைப் பதிக்க வழக்கமாகச் செய்வது அமீன் இணைப்பு. அந்த அமீன் யாருடையது? பெரும்பாலும் லைசினின் பக்கச் சங்கிலியுடையது. பிளாஸ்மினோஜென் தேடிவரும் கொக்கியையே சில்லில் ஆணியடித்து மறைத்துவிட்டு, ஒட்டவில்லை என்று எழுதுவது நடக்கக்கூடியதே. ஆகவே வால் ஒட்டு (பிடித்துக்கொள்வதற்காகப் புரதத்தின் முனையில் சேர்க்கும் சிறு துண்டு) வைத்துப் பிடிக்கலாம் என்று போனால், ஒட்டு எந்த முனையில் என்று பார்க்கவேண்டும். அனெக்சின் ஏ2வின் கூட்டாளியான எஸ்100ஏ10 புரதம் லைசினில் முடிகிறது. கார்பாக்சில் முனையில் ஹிஸ்டிடின் ஒட்டு வைத்த எஸ்100ஏ10ஐ வாங்கிப் பதித்தால் அந்த லைசின் இனி முனையில் இல்லை. ஒட்டு மறுமுனையில் இருக்கவேண்டும்.

அனெக்சின் ஏ2வே பிளாஸ்மினோஜெனைப் பிடிக்கிறதா, எஸ்100ஏ10தான் பிடிக்கிறதா என்ற பழைய சண்டையில் ஒரு பகுதி இப்படிப்பட்ட விவரங்களில்தான் சிக்கியிருக்கிறது. முழு அனெக்சின் ஏ2 லைசினில் முடிவதில்லை. அதன் 307ஆம் லைசினுக்கு அப்பால் வெட்டுப்பட்டால்தான் முனை லைசின் வெளிப்படும். அதுவும் கொழுப்புச் சவ்வில் கால்சியத்தோடு அமர்ந்திருக்கும்போது ஒரு வடிவம், கரைசலில் தனியே இருக்கும்போது இன்னொன்று. கொழுப்புக் குமிழிகளைப் பிடிக்கும் சில்லில் செய்தால் உண்மைக்குக் கொஞ்சம் அருகில் போகலாம். 2010இல் கண்டறியப்பட்ட பிஎல்ஜி-ஆர்கேடி என்ற ஏற்பி சவ்வை ஊடுருவி நிற்பது, லைசினில் முடிவது. அதைச் சவ்விலிருந்து பிரித்துச் சில்லில் வைப்பது இன்னும் கடினம்.

யூரோகைனேஸ் என்றால் மட்டும் நான் தயங்காமல் எஸ்பிஆர் பக்கம் போவேன். யூபிஏஆர் ஒரு கொழுப்பு நங்கூரத்தால் சவ்வில் தொங்குவது. நங்கூரத்தை வெட்டிவிட்டாலும் ஏற்பி நல்லபடி மடிந்து கரைசலில் வேலை செய்கிறது. பிடி இறுக்கம், லைசின் தொல்லை இல்லை. எலி யூரோகைனேஸ் மனித ஏற்பியில் பொருந்தாது என்பதை மட்டும் நினைவில் வைத்து, இரண்டையும் ஒரே இனத்திலிருந்து எடுக்கவேண்டும்.

பிளாஸ்மினை அளக்கும் முறை

ஒட்டுவது எதற்காக? பிளாஸ்மின் வேகமாக உருவாக; உருவான பிளாஸ்மினை ஆல்ஃபா-2-ஆன்டிபிளாஸ்மின் என்ற தடுப்பான் பிடித்து அணைத்துவிடாமல் காக்க. இந்த இரண்டையும் நேரே பார்ப்பது நிறமாற்றச் சோதனை மட்டுமே. எஸ்-2251 என்ற சிறு பெப்டைடை பிளாஸ்மின் வெட்டும்போது பாரா-நைட்ரோஅனிலின் மஞ்சளாக வெளிவரும். 405 நானோமீட்டரில் படிக்கலாம். சாதாரணத் தட்டுப் படிப்பான் போதும். செல்லைப் பெயர்க்க வேண்டாம், எதற்கும் குறியிட வேண்டாம். முதல் முறைக்கு ஜோடியாக இதை நான் சொல்வது அதனால்தான்.

படித்ததும் கோடு நேராக வராது, வளைந்து மேலே போகும். பிளாஸ்மின் அளவே நேரத்தோடு கூடிக்கொண்டிருப்பதால் அப்படி. நேரத்தின் வர்க்கத்துக்கு எதிராக வரைந்தால் ஆரம்பப் பகுதி நேராகும், சரிவிலிருந்து வேகம் கிடைக்கும். ஆரம்பப் பகுதியோடு நிறுத்திக்கொள்வது முக்கியம். பிளாஸ்மினும் டிரிப்சினைப் போல லைசினுக்கு அடுத்தே வெட்டுவது. நேரம் ஆக ஆகச் செல்மேல் புதுப்புது ஒட்டிடங்களைத் தானே உண்டாக்கும், கடைசியில் செல்லே தட்டிலிருந்து கழன்று மிதக்கும்.

கரைசலில் குளோரைடு உடலில் இருக்கும் அளவுக்கே இருக்கட்டும். குளோரைடுதான் பிளாஸ்மினோஜெனைச் சுருண்ட வடிவில் வைக்கிறது. அதைக் குறைத்தால் செல் இல்லாமலேயே வேகம் கூடிவிடும். செல் வளர்த்த ஊடகத்தில் இருந்த கன்றுச் சீரத்திலும் பிளாஸ்மினோஜென் உண்டு, ஆகவே முன்பே நன்றாகக் கழுவி, பிளாஸ்மினோஜென் சேர்க்காத கிணறுகளையும் படிக்கவேண்டும்.

தடுப்புச் சோதனைக்கு எல்லோரும் எடுப்பது அமினோகாப்ராயிக் அமிலம் அல்லது டிரானெக்சாமிக் அமிலம். இவை கிரிங்கிள் குழியை அடைத்து ஒட்டுதலைத் தடுக்கும். ஆனால் குழியை அடைக்கும்போதே பிளாஸ்மினோஜெனின் சுருளையும் அவிழ்த்துவிடுகின்றன. யூரோகைனேஸ் கரைசலில் அதை இன்னும் எளிதாக வெட்டும். தடுப்பான் போட்டும் மஞ்சள் கூடினால் மிரளத் தேவையில்லை, காரணம் இதுதான். இதைவிடச் சுத்தமான தடுப்புச் சோதனை, செல்லை முன்கூட்டியே கார்பாக்சிபெப்டிடேஸ் பி நொதியில் நனைத்து முனை லைசின்களை நறுக்கிவிட்டுக் கழுவுவது. பிளாஸ்மினோஜெனைத் தொடவே இல்லை, செல்லை மட்டும் மாற்றுகிறோம். ரத்தத்திலேயே இதே வேலையைச் செய்யும் டாஃபி என்ற நொதி இருக்கிறது. அதைத் தூண்டும் திராம்பின்-திராம்போமாடுலின் கூட்டு இருப்பதும் இதே எண்டோதீலியல் செல்மேல்தான்.

எந்தச் செல், எந்தக் கேள்வி

தொப்புள்கொடிச் சிரைச் செல்களை வளர்க்கும் வழி 1973 முதல் இருக்கிறது, ஒப்பிட ஏராளமான பழைய அளவுகளும் உண்டு. ஆரம்பத் தலைமுறைகளில் மட்டும் பயன்படுத்துங்கள். உடலில் டிபிஏ சுரப்பது பெரும்பாலும் சிறிய குழாய்களில் என்பதால், சுரப்பு சம்பந்தமான கேள்விக்கு நுண்குழாய்ச் செல்கள் மேல். ஈஏ.ஹை926 என்ற நிரந்தரச் செல்வரிசை வசதியானது, ஆனால் அதில் பாதி நுரையீரல் புற்றுச் செல். சோதனையைப் பழகிக்கொள்ளப் போதும், முடிவெடுக்க வேண்டாம்.

டிபிஏயில் மாற்றம் செய்து புது மருந்து வடிவம் உருவாக்குகிறவர் தட்டு எண்ணிக்கையும் பிளாஸ்மின் சோதனையும் செய்தால் பெரும்பாலும் போதும். ரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் லிப்போபுரதம்-ஏ, பிளாஸ்மினோஜெனைப் போன்ற கிரிங்கிள்களோடு வந்து அதன் இடத்தைப் பறிப்பது 1989இல் தெரியவந்தது. அது போன்ற போட்டிகளை ஆராய்பவருக்கும் இதே ஜோடிதான். புதிய ஏற்பியைத் தேடுகிறவர் இந்த ஜோடியில் ஏதாவது கண்ட பிறகு எஸ்பிஆருக்குப் போகலாம். யூரோகைனேஸ் தடுப்பான் தேடுகிறவர் எஸ்பிஆரில் தொடங்கி, பிறகு செல்லுக்கு வரலாம். செல்லுக்கு வரும்போது ஒரு வேலை பாக்கியிருக்கும்: எண்டோதீலியல் செல் தானே சுரந்த யூரோகைனேஸ் ஏற்கெனவே யூபிஏஆரில் உட்கார்ந்திருக்கும். பிஹெச் 3 அளவு அமிலத்தன்மை உள்ள கிளைசின் கரைசலில் சில நிமிடம் வைத்து அதைக் கழற்றி, உடனே நடுநிலைக்குக் கொண்டுவந்து, அதன்பிறகு அளக்கவேண்டும். இல்லாவிட்டால் காலியாக இருந்த ஏற்பிகள் மட்டுமே எண்ணிக்கையில் வரும்.